ஓக்லஹோமா சிட்டியிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை: இறுதிச் சுற்றும் போக்கர் மேசையும்

முதல் நாள் – ஜூன் 5, 2025, வியாழன். ஓக்லஹோமா சிட்டி

என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். ஏழு ஆட்டத் தொடர், நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. இண்டியானாவின் பேசர்ஸ் 111, ஓக்லஹோமா சிட்டியின் தண்டர் 110. கடிகாரத்தில் 0.3 விநாடி மிச்சமிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்டன் எறிந்த பந்து வலைக்குள் விழுந்தது. ஆட்டம் முழுவதிலும் இண்டியானா முன்னிலையில் இருந்த நேரம் அந்த 0.3 விநாடி மட்டுமே.

இன்று இண்டியானா மோசமாகத்தான் ஆரம்பித்தது. முதல் பாதியில் மட்டும் 19 டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது). நான்காம் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கிவிட்டார்கள். தண்டரின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 38 புள்ளி எடுத்தார். கடைசியில் அவர் எறிந்தது தவறியதும், இண்டியானா பயிற்சியாளர் ரிக் கார்லைல் டைம்அவுட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்டர் தன் தடுப்பாட்டக்காரர்களை மாற்றி நிறுத்திக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கும். கேட்காததால் ஹாலிபர்டன் ஓட்டத்திலேயே பந்தைக் கொண்டுவந்தார், எதிரே கேசன் வாலஸ் ஒருவர்தான்.

இந்த பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) முழுக்க இண்டியானாவின் கதை இதுதான். மில்வாக்கிக்கு எதிரான 5வது ஆட்டம், கிளீவ்லாந்தில் 2வது ஆட்டம், நியூயார்க்கில் முதல் ஆட்டம், எல்லாமே தோற்றுப்போன நிலையிலிருந்து மீட்டவை. அதனால் ரசிகர்களின் நம்பிக்கை வானத்தில் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் அதற்கு ஓர் எண் போட்டுவைப்பது நல்லது. போக்கர் மேசையில் கையில் இருக்கும் சீட்டுக்கு எண் போடுவதைப் போலத்தான்.

தண்டர் இந்தப் பருவத்தில் 68 வெற்றி, 14 தோல்வி. சராசரி புள்ளி வித்தியாசம் 12.9, லீக் வரலாற்றிலேயே பெரியது. இண்டியானா 50-32. ஆகவே சொந்த மைதானத்தில் இண்டியானாவுக்கு 50%, ஓக்லஹோமாவில் 30% என்று வைத்துக்கொள்வோம். இது கணிப்புதான், ஆனால் ரசிகர் மனம் சொல்வதைவிட நேர்மையான கணிப்பு. இந்தக் கணக்கில் தொடர் ஆரம்பிக்கும் முன் இண்டியானா கோப்பையை வெல்ல 25.8% வாய்ப்பு இருந்தது. இன்றைய வெற்றிக்குப் பின் 45.6%. ஒரே பந்து 20 சதவீதத்தை நகர்த்திவிட்டது. ஆனாலும் பாதியைத் தாண்டவில்லை. இன்றிரவு கொண்டாடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

தண்டரின் அரங்கமான பேகாம் சென்டருக்கு வருகிறவர்களுக்கு: டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். பார்கோடு நகர்ந்துகொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாசலில் செல்லாது. செயலியைத் திறந்து, டிக்கெட்டை வாலட்டில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலருகே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பிடிக்கும்போது சிக்னல் ஊர்ந்துதான் வரும். பக்கத்திலேயே பிரிக்டவுன். பழைய கிடங்குகளை உணவகங்களாக மாற்றிய பகுதி, நடுவில் கால்வாய். காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வருவது எளிது.

இரண்டாம் நாள் – ஜூன் 6, வெள்ளி. தாக்கர்வில்

ஐ-35 சாலையில் தெற்கே சுமார் 200 கி.மீ., இரண்டு மணி நேரம். டெக்சாஸ் எல்லையான சிவப்பாற்றைத் தொடுவதற்குச் சற்று முன்னால் சிக்கசா பழங்குடி அரசு நடத்தும் வின்ஸ்டார் நிற்கிறது. பாரிஸ், லண்டன், ரோம் என்று உலக நகரங்களின் முகப்புகளை வரிசையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய காசினோக்களில் ஒன்று. இவ்வளவு பெரிய இடம் இந்த வெட்டவெளியில் ஏன் என்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெக்சாஸில் இப்படிப்பட்ட காசினோவுக்கு அனுமதி இல்லை. டல்லாஸ்காரர்கள் வெள்ளிக்கிழமை மாலை வண்டியைக் கிளப்பிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறார்கள். வார இறுதியில் மேசைகள் நிரம்புவதும், ஆட்டம் தளர்வாக இருப்பதும் அதனால்தான்.

1-3 நோ லிமிட் மேசை: கட்டாயப் பந்தயம் 1, 3 டாலர், மேல்வரம்பு கிடையாது. கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கவனிக்க வேண்டிய ஒரு கை:

முதலில் பேசியவர் 15 டாலருக்கு ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்தினார்). இரண்டு பேர் கால் (அதே தொகையைக் கட்டினார்கள்). பட்டனில் (பிளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இருக்கையில்) இருந்தவரிடம் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸ், ஆட்டின் 9. அவரும் கால். பிளைண்டுகள் (கட்டாயப் பந்தயம் வைத்தவர்கள்) இரண்டும் ஃபோல்டு, அதாவது விலகல். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 64 டாலர். எல்லோரும் 300 டாலரோடு ஆரம்பித்தவர்கள்.

பிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஆட்டின் கிங், ஆட்டின் 7, கிளாவர் 2. ரெய்ஸ் செய்தவர் 40 வைத்தார். நடுவிலிருந்த இருவரும் விலகினார்கள். பட்டன்காரர் 104 டாலரை வெல்ல 40 கட்ட வேண்டும். அதற்கு 27.8% வெற்றி வாய்ப்பு தேவை. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒன்பது அவுட், அதாவது உதவும் சீட்டுகள்; டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) மட்டும் விழ 19.1%. நேரடிக் கணக்கில் போதாது. ஆனால் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் 65 டாலர் வாங்க முடிந்தால் கணக்கு நேராகிவிடும். பின்னால் 245 டாலர் இருக்கிறது. ஆகவே இந்தக் கால் சரியே.

டர்ன்: ஸ்பேடு 4. இப்போது 144 டாலர் பாட்டில் 100 வைத்தார். 244 வெல்ல 100 கட்ட வேண்டும், 29% தேவை. இருப்பது 19.6%. பின்னால் மிச்சம் 145 டாலர்தான். அந்த 145 ஒவ்வொரு முறையும் வந்துசேரும் என்று வைத்துக்கொண்டாலும் சராசரியாக 4 டாலர் நஷ்டம். பாதி முறைதான் வரும் என்றால் நஷ்டம் 18.5 டாலர். ஃபோல்டு செய்ய வேண்டிய இடம் இது.

அவர் கால் செய்தார். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) ஆட்டின் 3. ஏஸ்-கிங் வைத்திருந்தவர் மிச்சம் 145-ஐயும் கொடுத்தார். மேசையே ஆரவாரித்தது.

நேற்றைய 0.3 விநாடியும் இதுவும் ஒரே ரகம். பாட் வந்துவிட்டது, யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. 1-0 என்றால் 1-0தான். ஆனால் அடுத்த முறையும் 19 டர்ன்ஓவர் கொடுத்து ஜெயிக்கலாம் என்று நினைப்பது, டர்னில் அந்த 100 டாலரைத் திரும்பத் திரும்பக் கட்டுவதற்குச் சமம்.

மூன்றாம் நாள் – ஜூன் 7, சனி. தாக்கர்வில்

இன்று ஆட்டம் இல்லை. மேசைக்குப் புதியவர்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் செய்யும் தவறுகள் சில கண்ணில் பட்டன.

போக்கர் அறையின் முகப்பு மேசையில் பெயரின் முதலெழுத்தைச் சொல்லிப் பட்டியலில் சேர வேண்டும். கூப்பிட்டபோது இல்லாவிட்டால் பெயர் போய்விடும், அதனால் சாப்பிடப் போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பணத்தை இழக்க வைக்கிற தவறு சிப் வைப்பதில் வருகிறது. எதிரில் 15 டாலர் ரெய்ஸ். ஒருவர் 45 ஆக்க நினைத்து, வாய் திறக்காமல் 100 டாலர் சிப் ஒன்றைத் தூக்கிப் போட்டார். வாயால் சொல்லாமல் ஒற்றைப் பெரிய சிப் போட்டால் அது கால் மட்டுமே. டீலர் 85 திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதரிடம் கிங் ஜோடி. மூன்று பேர் மலிவாக உள்ளே வந்து, பிளாப்பில் ஏஸ் விழுந்தது. முதலில் ‘ரெய்ஸ்’ என்று சொல்லிவிட்டுத் தொகையை வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதேபோல் சிப்களை இரண்டு தவணையாகத் தள்ளினால் முதல் தவணைதான் கணக்கில் எடுக்கப்படும்.

சீட்டின்மேல் ஒரு சிப் வைத்துக்கொள்ளுங்கள். ஓர இருக்கையில் இருப்பவரின் பாதுகாக்காத சீட்டை டீலர் தவறுதலாக வாரிவிட்டால் அது போனது போனதுதான். பாட் ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் கொடுப்பது வழக்கம்.

நான்காம் நாள் – ஜூன் 8, ஞாயிறு. ஓக்லஹோமா சிட்டி

தண்டர் 123, பேசர்ஸ் 107. இடைவேளையிலேயே 59-41. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 34. ஆனால் உண்மையில் அடித்தவர்கள் பெஞ்சிலிருந்து (மாற்று ஆட்டக்காரர்களாக) வந்தவர்கள்: அலெக்ஸ் கருசோ 20, ஆரன் விகின்ஸ் 18. ஹாலிபர்டன் 17 எடுத்தாலும் பெரும்பகுதி ஆட்டம் முடிந்துபோன பிறகு வந்தவை.

தொடர் 1-1. ஓக்லஹோமாவில் ஒன்றை எடுத்துவிட்டதால் மைதானச் சாதகம் இப்போது இண்டியானா பக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மிச்சமுள்ள ஐந்தில் மூன்று இண்டியானாபொலிஸில். சரிதான். ஆனால் அதே 50-30 கணக்கில் போட்டால் கோப்பை வாய்ப்பு 35%. பிளாப்பில் ஃப்ளஷுக்கு நான்கு சீட்டு இருந்து, இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டியிருக்கும்போது கிடைக்கும் அதே 35%.

இந்த ஒப்பீடு ரசிகர்களுக்கு உண்மையிலேயே உதவும். சமபலமுள்ள இரண்டு அணி என்று வைத்தால், முதல் ஆட்டம் தோற்ற அணி தொடரை வெல்ல 34.4%. அதுவும் பிளாப்பில் ஃப்ளஷுக்குக் காத்திருப்பதும் ஒன்றே. 0-2 என்றால் 18.75%. ஒரு சீட்டு மட்டும் மிச்சமிருக்கும் ஃப்ளஷ் (19.6%), அல்லது ஏஸ் ஜோடிக்கு எதிரே கிங் ஜோடி (ஏறத்தாழ 18%). 1-3 என்றால் 12.5%. கையில் ஜோடி வைத்துக்கொண்டு பிளாப்பில் மூன்றாவதைப் பிடிப்பது 11.8%. ஒருநாள் முழுக்க மேசையில் உட்கார்ந்தவருக்கு இவை எத்தனை முறை நடக்கின்றன, எத்தனை முறை நடப்பதில்லை என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். ‘1-3தான், முடிந்தது’ என்பவருக்கும் ‘1-3தானே, வந்துவிடுவோம்’ என்பவருக்கும் நடுவில் நிற்க அந்த அனுபவம் கைகொடுக்கும். 1-3 பின்தங்கிய அணிகள் மீண்டு தொடரை வென்றது 2020 வரை 13 முறை. அதில் இரண்டு, 2020இல் டென்வர் ஒரே பிளேஆஃபில் செய்தவை. 0-3 நிலையிலிருந்து யாரும் மீண்டதில்லை.

ஐந்தாம், ஆறாம் நாட்கள் – ஜூன் 9, 10. சாலையில்

ஓக்லஹோமா சிட்டியிலிருந்து இண்டியானாபொலிஸுக்கு ஏறத்தாழ 1,190 கி.மீ., ஓட்டம் மட்டும் 11 மணி நேரம். ஐ-44 வழியே டல்சா, ஜாப்ளின், ஸ்பிரிங்ஃபீல்டு, செயின்ட் லூயிஸ். அங்கிருந்து ஐ-70. ஓக்லஹோமாவுக்குள் டல்சா வரை டர்னர் டர்ன்பைக், பிறகு வில் ரோஜர்ஸ் டர்ன்பைக், இரண்டும் சுங்கச்சாலை. காசு வாங்கும் சாவடி கிடையாது, வண்டி எண்ணைப் படம்பிடித்துக் கட்டணம் அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் அந்தக் கட்டணத்தின்மேல் நிறுவனம் தன் சேவைத்தொகையையும் போடும். வண்டி எடுக்கும்போதே சுங்கத் திட்டம் என்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிசூரிக்குள் நுழைந்தபின் இந்தத் தொல்லை இல்லை.

செயின்ட் லூயிஸில் ஒரு இரவு தங்குவது நல்லது. மறுநாள் 390 கி.மீ. மட்டும். இண்டியானா எல்லையைத் தாண்டி டெரே ஹோட் வரும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். புதன்கிழமை மூன்றாவது ஆட்டம் கிழக்கு நேரம் இரவு 8.30, இந்தியாவில் மறுநாள் காலை 6 மணி.

ஏழாம் நாள் – ஜூன் 11, புதன். இண்டியானாபொலிஸ்

இந்த ஊரில் இறுதிச் சுற்று ஆட்டம் நடந்து 25 வருடம் ஆகிறது. 2000இல் லேக்கர்ஸிடம் தோற்றார்கள். என்.பி.ஏ.வில் சேருமுன் ஆடிய ஏ.பி.ஏ. லீகில் 1970, 1972, 1973 என மூன்று கோப்பை உண்டு. என்.பி.ஏ. கோப்பை ஒன்றுகூட இல்லை. கெயின்பிரிட்ஜ் அரங்கின் வெளியே பென்சில்வேனியா தெருவில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது அந்த 25 வருடம் புரிகிறது.

பேசர்ஸ் 116, தண்டர் 107.

பெஞ்சிலிருந்து வந்த புள்ளிகள் இண்டியானாவுக்கு 49, தண்டருக்கு 18. இந்த ஒரு வரியில் ஆட்டம் அடங்கிவிடுகிறது. பென்னடிக்ட் மாத்யூரின் 22 நிமிடத்தில் 27 புள்ளி. டி.ஜே. மெக்கானல் 10 புள்ளி, 5 அசிஸ்ட், 5 ஸ்டீல். எதிரணி கூடையைப் போட்டுவிட்டுத் திரும்புகிற நேரத்தில், பந்தை உள்ளே எறியும் பாஸுக்குக் குறுக்கே வந்து மெக்கானல் தட்டிப் பறிப்பதைத் தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட அரங்கில் பார்க்க வேண்டும். கேமரா கூடையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒளிந்து நகர ஆரம்பித்துவிடுகிறார். ஹாலிபர்டன் 22 புள்ளி, 9 ரீபவுண்டு, 11 அசிஸ்ட். நான்காம் கால்பகுதி 32-18. வேகம் காரணம். தண்டர் இந்தப் பருவம் முழுக்க எதிரணியைக் கடைசியில் களைத்துப்போக வைத்த அணி. இன்று கடைசியில் மூச்சு வாங்கியது அவர்களுக்கு.

2-1. கணக்கு 52.8%. முதல் முறையாகப் பாதிக்கு மேல். ஏஸ்-கிங்குக்கு எதிரே சின்ன ஜோடி வைத்திருப்பவருக்கும் இதே அளவுதான் சாதகம். காசைச் சுண்டுவதற்குச் சற்று மேலே. ஆனால் 68 வெற்றி பெற்ற அணிக்கு எதிரே காசு சுண்டும் நிலைக்கு வந்ததே இந்த வருடத்தின் அதிசயம். இன்றிரவு மகிழ்ச்சியாகத் தூங்கலாம்.

எட்டாம் நாள் – ஜூன் 12, வியாழன். ஷெல்பிவில்

ஐ-74இல் தென்கிழக்கே 45 நிமிடம். குதிரைப் பந்தய மைதானத்தோடு சேர்ந்த ஹார்ஸ்ஷூ காசினோ. இண்டியானாவின் பந்தய மைதானக் காசினோக்களில் மனித டீலர் வைத்துச் சீட்டு மேசை நடத்த 2020 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.

மேசை முழுக்க பேசர்ஸ் பனியன். ஆட்டம் இல்லாத நாளில் போவதே மேல். ஆட்ட இரவில் பாதிப் பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மணிக்கு ஓடும் கைகள் குறையும்.

முதலில் ஒரு சின்ன கை. 105 டாலர் மட்டும் வைத்திருந்தவர் 15க்கு ரெய்ஸ். ஒருவர் 5-5 வைத்துக்கொண்டு, மூன்றாவது 5 விழுந்தால் பார்ப்போம் என்று கால் செய்தார். பிளாப்பில் அது விழ எதிர்வாய்ப்பு 7.5க்கு 1. எதிராளியிடம் மிச்சம் 90, கட்டுகிற தொகைக்கு 6 மடங்கு. முழுதாகக் கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. விழுந்தாலும் எல்லா முறையும் முழுத்தொகை வராது என்பதால், குறைந்தது 10-15 மடங்கு பின்னால் இருந்தால்தான் இந்த வேட்டைக்குப் போகலாம். வெறும் ‘ஜோடி இருக்கிறதே’ என்று போடும் 15 டாலர்கள் மாதக் கடைசியில் பெரிய தொகையாக நிற்கும்.

அடுத்தது இன்றைய முக்கியமான கை. ஸ்பேடு ஜாக், ஸ்பேடு 10. பிளாப்: ஆட்டின் 9, கிளாவர் 8, ஆட்டின் 3. பாட் 110. எதிராளி 90க்கு ஆல் இன் (மிச்சமெல்லாம் உள்ளே). 200 வெல்ல 90 கட்ட வேண்டும், தேவை 31%. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு; குயின் அல்லது 7 விழுந்தால் அமையும்), எட்டு அவுட், ரிவருக்குள் விழ 31.5%. விரல்விட்டு எண்ணினால் சரியாக வருகிறது. எட்டை நான்கால் பெருக்கு, 32, கால். பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த எட்டும் சுத்தமான எட்டா என்று பார்க்க வேண்டும். எதிராளியிடம் குயின் ஜோடி இருந்தால் நான்கு குயினில் இரண்டு அவர் கையில், மிச்சம் ஆறு அவுட். 24%. இன்னொரு பக்கம், பேசாமல் இன்னும் ஒருவர் பின்னால் இருக்கிறார். அவர் ஆட்டின் ஃப்ளஷுக்குக் காத்திருப்பவராக இருந்தால் ஆட்டின் குயினும் ஆட்டின் 7-உம் நமக்கு விஷம். அவரும் கால் செய்தால் பாட் பெருகும், தேவை 23.7% ஆகக் குறையும் என்பது உண்மை. ஆனால் ஸ்ட்ரெயிட் விழுந்த பிறகும் இன்னொரு ஆட்டின் வந்து அழிக்கலாம் என்பதால் நம் பங்கு 24க்கும் கீழே இறங்கிவிடும்.

ஜாக்-10காரர் கால் செய்தார். பின்னாலிருந்தவரும் கால். டர்ன் கிளாவர் 2. ரிவர் ஆட்டின் குயின். ஸ்ட்ரெயிட் அமைந்தது, பாட் ஃப்ளஷ்காரருக்குப் போனது.

ஒன்பதாம் நாள் – ஜூன் 13, வெள்ளி. இண்டியானாபொலிஸ்

தண்டர் 111, பேசர்ஸ் 104.

மூன்றாம் கால்பகுதி முடிவில் 87-80 என்று இண்டியானா முன்னிலை. கடைசி 12 நிமிடம் தண்டருக்கு 31-17. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 35, அதில் 15 கடைசி நான்கரை நிமிடச் சொச்சத்தில். மனம் கனக்கிறது. 3-1 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் இது.

வலிப்பது எங்கே என்றால், தண்டர் இன்று போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் மொத்தமே 3. ஓர் அணி மூன்றே மூன்று போட்டால் அதை வெல்வோம் என்று எந்த இண்டியானா ரசிகரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். நேற்று மேசையில் பார்த்த அதே குயின். நமக்கு வேண்டிய சீட்டு விழுந்தது, அதே சீட்டு எதிராளிக்கும் வேலை செய்தது. வெளியிலிருந்து எறிய முடியாததால் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் உள்ளே நுழைந்துகொண்டே இருந்தார், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். கடிகாரம் நின்று நின்று ஓடியதில் இண்டியானாவின் வேகம் செத்தது. வேகம் இல்லாவிட்டால் இந்த அணி சாதாரண அணி.

தொடர் 2-2. கணக்கைக் கையாலேயே போட்டுவிடலாம். மிச்சம் மூன்று: வெளியே, சொந்த ஊர், தேவைப்பட்டால் மீண்டும் வெளியே. 0.3, 0.5, 0.3. இரண்டு வேண்டும். மூன்றையும் வெல்வது 0.045. சொந்த ஊரில் தோற்று வெளியே இரண்டும் வெல்வது 0.045. சொந்த ஊரில் வென்று, வெளியே இரண்டில் ஒன்று மட்டும் வெல்வது 0.21. (மூன்றாவது ஆட்டம் நடக்காமலே முடிந்தாலும் கூட்டுத்தொகை மாறாது.) மொத்தம் 30%.

திறந்த ஸ்ட்ரெயிட், இரண்டு சீட்டு பாக்கி. தொடர் ஆரம்பிக்கும் முன் இருந்தது 25.8%. அதாவது நான்கு ஆட்டம் ஆடி, இரண்டு தோற்று, இன்று நெஞ்சு உடைந்தபிறகும் ஆரம்பித்த இடத்தைவிட மேலேதான் இருக்கிறோம். இதில் ஆறுதலுக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை, மேலே போட்ட கூட்டல் சொல்வதுதான்.

இருக்கும் அவுட்களில் சுத்தமானவை: மெக்கானலும் மாத்யூரினும் பெஞ்சிலிருந்து வரும் நிமிடங்கள், டர்ன்ஓவரைக் குறைத்து ஆடும் முதல் பாதி. கிளீவ்லாந்திலும் நியூயார்க்கிலும் முதல் இரண்டு ஆட்டங்களை வெளியே போய் வென்ற அணி இது. 64 வெற்றி பெற்ற கிளீவ்லாந்தை ஐந்தே ஆட்டத்தில் அனுப்பியவர்கள். வெளியே 30% என்று போட்டிருப்பது இவர்களுக்குக் குறைவாகக்கூட இருக்கலாம். அதை 40 ஆகவும், சொந்த ஊரை 60 ஆகவும் உயர்த்திப் போட்டுப் பாருங்கள், 44.8% வரும்.

5வது ஆட்டம் திங்கள் இரவு, ஓக்லஹோமா சிட்டியில். இந்தியாவில் செவ்வாய் காலை 6 மணி. முதல் ஆறு நிமிடத்தில் டர்ன்ஓவர் எத்தனை என்று எண்ணுங்கள்.